நெருப்புச் சுடாத கால்

அபிராமபுரத்தில், அவர் குடியிருந்த அந்த ஒரு தெருவில் மட்டுமாவது, சுவாமிநாதனுடைய கால்களின் வரலாற்றை அறியாதவர் எவரும் இலர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நெடுநாளாகச் சர்க்கரை நோயாளி. இடது உள்ளங்காலில் ஒரு புண் தோன்றி, முற்றி, காலையே எடுக்க நேரலாம் என்று மருத்துவர் சொல்லும் நிலைக்கு வந்து, பிறகு மெல்ல ஆறியது. செய்தி இவ்வளவே. ஆயினும் நாகேசுவரராவ் பூங்காவில் காலையில் நடக்க வருபவர்களிடம் அவர் இதைச் சொல்லத் தொடங்கினால் கதாகாலட்சேபம் தோற்றுவிடும்.

“ஒழுங்கு சார், ஒழுங்கு! மருந்து பாதின்னா ஒழுங்கு பாதி. வேளைக்குச் சாப்பாடு. சாப்பிட்டதும் சித்த நேரம் நடை. சாயங்காலம் காலைக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, கண்ணாடியை வெச்சுண்டு உள்ளங்காலைப் பார்க்கணும். ஆத்துக்குள்ளயும் செருப்பு. இதுக்கு மேல வைத்தியமே கிடையாது. யார் வேணும்னாலும் பண்ணலாம். பண்ண மாட்டேங்கறா!”

அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஒரு பெயர் மட்டும் விட்டுப்போயிற்று. கழுவியவர் அவர் அல்லர். துடைத்தவரும் அவர் அல்லர். கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தவரும் அவர் அல்லர். அவருடைய மனைவி சூடாமணிக்கு முழங்கால் வலி. குனிந்தால் நிமிர முடியாது. ஆகவே அந்த வேலைகள் யாவும் வீட்டு வேலைக்கு வரும் பொன்மணியின் தலையில் விழுந்தன.

அவற்றைப் பொன்மணி வேண்டாவெறுப்பாகச் செய்தவள் அல்லள். பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, முழங்கையை நனைத்துச் சூடு பார்ப்பாள். அவருக்குக் காலில் உணர்ச்சி குறைவு. அதிகச் சூடானாலும் தெரியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கழுவி முடித்ததும் பழைய வேட்டித் துணியால் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பாள். பாதத்தில் தேங்காயெண்ணெய் தடவுவாள்; இடுக்கில் படவிடமாட்டாள். பிறகு நீலநிறத்தில் பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும் மருத்துவச் செருப்பை மாட்டிவிடுவாள். வீட்டுக்குள்ளேயே அணிவதற்கென்று வாங்கிய செருப்பு அது. புண் ஆறிய நாளில் அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் குழந்தைபோல் அழுதார். பொன்மணியும் அழுதாள்.

அவளுக்கும் சர்க்கரை நோய் இருந்தது. அந்த வீட்டில் அது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். வாரத்தில் ஏழு கிழமைகள் இருப்பது தெரிந்திருப்பதைப் போல அது தெரிந்திருந்தது, அவ்வளவே.

பொன்மணி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அடையாற்றங்கரைக் குடிசைகளில். கணவன் சுவருக்கு வண்ணம் பூசுபவன். சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். மகள் அன்புக்கரசியை ஒற்றை ஆளாக வளர்த்து, தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கும் சேர்த்துவிட்டாள். பெருவெள்ளம் வந்து வடிந்தபின், கரையோரத்தில் இருந்தவர்களை எல்லாம் நகரத்துக்கு வெளியே, சதுப்பு நிலத்துக்கு அப்பால், அடுக்கடுக்காகக் கட்டிய வீடுகளுக்கு அனுப்பினார்கள். அன்றுமுதல் விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கி, பேருந்தில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்து, சுவாமிநாதனுக்கு வேளை தவறாமல் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள். அவர் குடித்து, நடந்து, குளித்து, பலகாரம் உண்டு, அந்தத் தட்டையும் கழுவிக் கவிழ்த்தபின்தான் அவளுடைய வயிற்றுக்கு முறை வரும்.

ஆனாலும் பொன்மணிக்கு ஒரு பெருமை இருந்தது. அபிராமபுரத்தில் எவருக்கும் இல்லாத பெருமை.

குடிசைகளை இடித்தவர்கள் கரைமேலிருந்த அம்மன் கோயிலை விட்டுவைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில், சிதறிப்போன சனமெல்லாம் பங்கு ஆட்டோக்களிலும் பேருந்துகளிலும் ஏறி வந்து அங்கே கூடும். கூழ் வார்ப்பார்கள், பிறகு தீமிதி. அன்புக்கரசி சிறுமியாக இருந்தபோது கடுங்காய்ச்சலில் கிடந்தாள். அப்போது நேர்ந்துகொண்டு பொன்மணி முதன்முதலாகத் தீயில் இறங்கினாள். தொடக்கத்தில் கங்கு ஒவ்வொன்றும் உயிரில் குத்தும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிக் கரையேறிப் பால்குழியில் விழுவாள். ஆனால் கடந்த சில ஆடிகளாக நெருப்பு அவளைச் சுடவில்லை. மற்றவர்கள் ஓடும் இடத்தில் அவள் நடந்தாள். பின்னர் ஓர் ஆண்டு, குழியின் நடுவில் நின்று, அம்மனைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு நடந்தாள். சுற்றி நின்றவர்கள் அலறிவிட்டார்கள்.

விழாவை நடத்துபவர் பஞ்சாட்சரம். முன்னாள் ஆட்டோ ஓட்டுநர். அவர்தாம் அன்று அவளுடைய காலில் தலைவைத்து விழுந்தார்.

“ஆத்தா உன் கால்ல வந்து குந்திக்கினாமே! இனிமே கரகத்துக்குப் பின்னாடி மொதல் ஆளா நீதான் எறங்கணும். அப்பாலதான் மத்தவங்க” என்றார்.

அன்றுமுதல் அப்படியே நடந்தது. அடுக்கு வீட்டில் தண்ணீர்க் குடத்துக்கு அடித்துக்கொள்ளும் பெண்கள்கூட ஆடி மாதத்தில் அவளுக்கு வழிவிட்டார்கள். குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் கையால் திருநீறு பூசச் சொன்னார்கள். சூடாமணியம்மாளும் இதில் சேர்த்தி. கணவரின் புண் ஆற வேண்டி, தகட்டில் பாதம் பொறித்த வெள்ளி உருவை வாங்கிப் பொன்மணியிடம் கொடுத்து உண்டியலில் போடச் சொன்னாள். புண் ஆறியதும் அவளுக்கு ஒரு புடவை எடுத்துத் தந்தாள். மாடிப்படியில் எதிர்ப்படுவோரிடம், “எங்காத்துப் பொன்மணிக்கு அக்னி சுடறதில்லை, தெரியுமோ? சாட்சாத் அம்பாள் அனுக்கிரகம்!” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

இந்த அனுக்கிரகம் வீட்டு வேலைக்கும் உதவியாக இருந்தது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்து உலர்த்தும்போது, சூடாமணி ஓரடி எடுத்துவைத்து “ஐயோ, கொதிக்கறதே!” என்று நிழலுக்குத் தாவுவாள். பொன்மணியோ தண்ணீர் தெளித்த தரையில் நிற்பவளைப் போல நின்று, நிதானமாகப் பிழிவாள்.

“இரும்புக் கால்டி உனக்கு” என்பாள் சூடாமணி.

பொன்மணி சிரிப்பாள். ஆத்தா கொடுத்த கால்.

தியாகராய நகரில் பாத மருத்துவத்துக்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. சுவாமிநாதனை அவ்வப்போது அங்கே அழைத்துச் செல்வதும் பொன்மணியின் வேலையே. அங்கிருந்த செவிலி ஜுவேரியா திருவல்லிக்கேணிப் பெண். வாய் ஓயாமல் பேசுவாள். நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் அங்கங்கே குத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய பணி. ஆனி மாதத்தில் ஒரு நாள், சுவாமிநாதனுக்குப் பார்த்து முடித்தவள், மருத்துவர் வரத் தாமதமானதால் பொன்மணியின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, நீங்களும் சுகர்தானே? சும்மா உக்காந்துக்குனு கீறீங்களே, காலைக் காட்டுங்க.”

“எனக்கு இன்னாத்துக்கும்மா? எங்காலு நல்லாத்தான் கீது. நெருப்பே சுடாது.”

“அப்பிடியா! சரி, கண்ணை மூடுங்க. நான் தொடும்போது, தெரியுதுன்னு சொல்லணும்.”

பொன்மணி கண்ணை மூடிக்கொண்டாள். சிறிது நேரம் காத்திருந்தாள். பக்கத்தில் மின்விசிறி கடகடத்தது. யாரோ இருமினார்கள்.

“எப்பம்மா ஆரம்பிப்பே?” என்று கேட்டாள்.

பொன்மணி கண்ணைத் திறந்து பார்த்தாள். இழையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாயாடிப் பெண் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள்.

“முடிச்சிட்டேங்க்கா. ரெண்டு காலும்.”

மறுபடியும் ஒருமுறை குத்தினாள். இம்முறை பொன்மணி கண்ணால் பார்த்தாள். இழை வளைவது தெரிந்தது; கால் அவளுடையதாகத் தெரியவில்லை.

“நெருப்பு சுடாதுன்னீங்களே, எந்த நெருப்பு?”

பொன்மணி சொன்னாள். ஜுவேரியா கேட்டுக்கொண்டாள். பிறகு, சொற்களைப் பொறுக்கி எடுத்துப் பேசினாள். “நான் உங்க சாமியைப் பத்திப் பேசலக்கா. காலைப் பத்திப் பேசறேன். சுகர் அதிகமாகி நரம்பு செத்திருக்கு. சூடு, முள்ளு, கண்ணாடி எதுவும் உங்களுக்குத் தெரியாது. புண்ணு வந்தாலும் தெரியாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும். வெறுங்காலோட நிக்கவே கூடாது. அந்த நெருப்பு… வேணாங்க்கா. தயவு செஞ்சு வேணாம்.”

திரும்பும்போது ஆட்டோவில் சுவாமிநாதன் அவளுக்கு விரிவாக எடுத்துரைத்தார். “கேட்டுண்டியோ? இனிமே ஒழுங்கா இரு. வேளைக்குச் சாப்பிடு. காலைத் தினம் பாரு. எனக்கு நீ என்னென்ன பண்றியோ, அதையே உனக்கும் பண்ணிக்கோ. ஒரு செலவும் இல்லை.”

“சரி சார்” என்றாள் பொன்மணி. அவளுடைய மனம் ஆற்றங்கரையில் இருந்தது. ஆத்தா எந்த ஆண்டில் வந்து காலில் உட்கார்ந்தாள்? நரம்பு எந்த ஆண்டில் செத்தது? இரண்டும் ஒரே ஆண்டா? அப்படியானால் பஞ்சாட்சரம் தலைவைத்து விழுந்தது எதன்மேல்? அவள் பூசிய திருநீற்றைக் கண்ணை மூடி ஏற்ற குழந்தைகளை நினைத்தபோது, திருடிவிட்டு அகப்பட்டவளைப் போல முகம் சூடேறியது. முகத்துக்கு மட்டும் இன்னும் சூடு தெரிந்தது.

மகள் அன்புக்கரசி சேதியைக் கேட்ட அன்றே, அரசு மருத்துவமனைக்கு எதிரிலுள்ள கடையில், சுவாமிநாதன் அணிவதைப் போன்ற மெத்துச் செருப்பை வாங்கிவந்தாள். அதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பொன்மணி அபிராமபுரத்துக்குப் போனாள். வாசலில் தெருச்செருப்பைக் கழற்றிவிட்டு, புதியதை எடுத்து மாட்டிக்கொண்டு ஓரடி உள்ளே வைத்தாள்.

“என்னடி இது? ஆத்துக்குள்ள செருப்பா?” என்றாள் சூடாமணி.

“புதுசு மாமி. ரோட்டுல போட்டதில்ல. ஆஸ்பத்திரில சொன்னாங்க. சாருக்குச் சொன்னதேதான்.”

“அவர் பேஷண்ட்டுடி.”

“நானும்தான் மாமி.”

சூடாமணி ஒரு கணம் திகைத்தாள். அவள் கெட்டவள் அல்லள். அதுவரை அவள் மனத்தில் அந்தச் சொல் பொன்மணியின் பக்கம் திரும்பியதே இல்லை, அவ்வளவுதான். “சரி, ஹால்ல போட்டுக்கோ. சமையலுள்ளுக்கு வேண்டாம். சுவாமி உள்ளுக்கு வேண்டவே வேண்டாம். தரை துடைக்கறச்சே எப்படியும் கழட்டித்தானே ஆகணும்?” என்றாள். பிறகு, நாளிதழுக்குப் பின்னாலிருந்த கணவரைப் பார்த்து, “என்னன்னா, நான் சொல்றது?” என்று கேட்டாள்.

நாளிதழ் சற்றே தாழ்ந்தது. அதற்குக் கீழே, நீலச் செருப்பு அணிந்த இரு கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

“ஆத்து ஒழுங்கும் ஒழுங்குதானே” என்றார் சுவாமிநாதன். நாளிதழ் மீண்டும் உயர்ந்தது.

பொன்மணிக்குக் கூடத்தில் என்ன வேலை? பெருக்குவதும் துடைப்பதும்தான்; அப்போது செருப்பைக் கழற்ற வேண்டும். மற்ற நேரமெல்லாம் சமையலறை. ஆகவே அந்தச் செருப்பு, பாத்திரம் கழுவும் பின்கட்டுப் பால்கனியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் நாளெல்லாம் காத்துக் கிடந்தது. முழுப் பழியையும் சூடாமணியின்மேல் போடுவதும் நேர்மையாகாது. ஒருநாள் மாமி ஊரில் இல்லாதபோது, பொன்மணி செருப்போடு அடுப்படி நிலைவரை போனாள். கால் அதற்குமேல் எழவில்லை. சோறு பொங்கும் இடம். கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். தன்னுடைய அடுக்கு வீட்டில் அணிந்து பார்த்தபோதோ, எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, “இன்னாக்கா, துரைசாணி ஆயிட்டியா? வூட்டுக்குள்ளயே பூட்ஸு!” என்று கேட்டுச் சிரித்தாள்.

ஆடி வந்தது. பஞ்சாட்சரம் காப்புக் கட்டுவதற்கு ஆள் அனுப்பினார். பொன்மணி நேரில் போய் நின்றாள்.

“நான் இந்த வாட்டி எறங்கலண்ணே.”

“இன்னாமே சொல்றே? நீ எறங்கலன்னா அப்பால யாரு எறங்குவா? இன்னா, ஒடம்பு சரியில்லையா?”

“எங்காலு செத்துப் போச்சுண்ணே. சுகருல நரம்பு செத்துப் போச்சுன்னு ஆஸ்பத்திரி நர்சு சொல்லுச்சு. அதான் சுடல. ஆத்தா இல்ல.”

பஞ்சாட்சரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஆத்தா இல்லன்னு ஆத்தா வாசல்லயே நின்னுக்கினு சொல்றியா? யாரு சொன்னா உனக்கு? ஊசி குத்தற பொண்ணா? அவளுக்கு இன்னா தெரியும், நம்ம தாயைப் பத்தி?”

“அவ ஒண்ணும் சாமியைப் பத்திச் சொல்லலண்ணே. காலைப் பத்தித்தான் சொன்னா.”

“கால் வேற, தாய் வேறயாமே உனக்கு?” என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஆண்டு பொன்மணி கயிற்றுக்கு வெளியே நின்று தீமிதியைப் பார்த்தாள். வழிவிட்ட பெண்கள் இப்போது வழிவிடவில்லை. கூழ் வாங்கப் போனபோது, அவளுடைய பாத்திரத்தில் கடைசியாக வார்த்தார்கள். ‘தீட்டோடு இறங்கியிருப்பாள், அதனால் ஆத்தா விலகிவிட்டாள்’ என்று ஒருத்தி சொன்னாள். ‘பெரிய இடத்து வீட்டில் வேலை செய்து புத்தி கெட்டுப்போயிற்று’ என்றாள் இன்னொருத்தி. எல்லாவற்றையும் பொன்மணி காதில் வாங்கிக்கொண்டாள். வாழ்நாளில் அவளுக்கென்று கிடைத்த ஒரே மரியாதை அது. அதைக் கொடுத்துத்தான் காலை மீட்டிருக்கிறோம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். மெய்யாகவே ஒழுங்காக இருந்தாள். தினமும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்தாள். பையில் இரண்டு இட்லியைப் பொட்டலம் கட்டி வந்து, மந்தைவெளி நிறுத்தத்தில் இறங்கியதும், நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்குப் போனாள்.

மறு சித்திரையில் சுவாமிநாதனின் பேத்தி ஷ்ரேயா அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வருவதாக இருந்தது. திரும்பும்போது அவளிடம் கொடுத்தனுப்ப, ஓமப்பொடி வடாம், ஜவ்வரிசி வடாம், வெங்காய வடாம் என்று சூடாமணி ஒரு பெரும்பட்டியலே போட்டாள். மாவைக் கிளறிக் கொடுத்துவிட்டு, பிழியும் வேலையைப் பொன்மணியிடம் விட்டாள்.

பொன்மணி பின்கட்டில் கிடந்த செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். மாடி வீடல்லவே, அங்கே தடையிராது என்று எண்ணினாள். வெயில் உச்சியில் நின்றது. வெள்ளை வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் கல்லை வைத்து, முதல் வரிசையைப் பிழிந்துகொண்டிருந்தபோது, மாடிக்கதவின் நிழலிலிருந்து சூடாமணியின் குரல் கேட்டது.

“அடிப் பாவி! வடாத்துகிட்ட செருப்போடயா நிக்கறே? வாயில போடற பண்டம்டி. கழட்டு, கழட்டு!”

“தரை கொதிக்கும் மாமி. எனக்கு வெறுங்காலோட நிக்கக்கூடாதுன்னு…”

“உனக்குத்தான் கொதிச்சாலும் தெரியாதே! நெருப்புலயே நின்னவளுக்கு இந்த வெயில் என்ன பண்ணும்? எனக்குன்னா பரவாயில்லை, கொழந்தை கடல் தாண்டி எடுத்துண்டு போறது. சித்த நேரம்தானே.”

பொன்மணி பிழிகுழலைக் கையில் பிடித்தபடியே நின்றாள். விளக்கிச் சொல்லலாம். சொல்லியிருக்கிறாள். ஆற்றங்கரையில் சொன்னாள், அங்கே ஆத்தாளைப் பழித்தவள் ஆனாள். இங்கே மறுபடியும் சொன்னால் வடாத்தைப் பழித்தவள் ஆவாள். குனிந்து செருப்பைக் கழற்றி, சுவரோரம் வைத்தாள். சூடாமணி சொன்னது சரியாகவே இருந்தது. கொதிப்பது தெரியவில்லை. வேட்டி நிறையும்வரை நின்று பிழிந்தாள். காக்கை வராமல் காவலும் இருந்தாள்.

அம்மனின் நெருப்புக்குத் தப்பிய கால் அமெரிக்கா போகும் வடாத்துக்குத் தப்பவில்லை.

மாலையில் பேருந்தில் பக்கத்திலிருந்த பெண்தான், “அக்கா, கால்ல இன்னா, ரத்தமா?” என்று கேட்டாள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தாள். வலக்காலின் கட்டைவிரல் அடியிலும் குதிகாலிலும் தோல் கொப்பளித்து, உடைந்து, சதை வெளுத்திருந்தது. அன்புக்கரசி தலையில் அடித்துக்கொண்டு, நாளைக்கே மருத்துவமனைக்குப் போகலாம் என்றாள். மறுநாள் சூடாமணி தொலைபேசியில் அழைத்தாள்: வடாம் ஒருபக்கந்தான் காய்ந்திருக்கிறது, திருப்பிப் போட ஆள் இல்லை, வந்துவிட்டுப் போய்விடு. பொன்மணி துணியைச் சுற்றிக்கொண்டு போனாள். அதற்கு மறுநாள் ஷ்ரேயா வந்திறங்கினாள். வீட்டில் விருந்து. வலிக்காத புண்ணுக்கு விடுப்புக் கேட்பது எப்படி என்று பொன்மணிக்குத் தெரியவில்லை. வலி என்பது ஏழைக்கு எவ்வளவு பெரிய சாட்சி என்பது அந்த நாள்களில்தான் அவளுக்குப் புரிந்தது. சாட்சி இல்லாத வழக்காக அந்தக் கால் அவளோடு வந்துபோய்க்கொண்டிருந்தது.

காய்ச்சல் வந்து, கால் கருத்து, நாற்றமெடுத்தபின் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். கட்டைவிரலையும் அடுத்த விரல்களையும் எடுத்தார்கள். பிறகு பாதத்தின் முன்பாதியையும் எடுத்தார்கள். “இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே அம்மா” என்றார் இளம் மருத்துவர். எல்லாரும் அவளிடம் சொல்லும் சொல்லாக இருந்ததால், அவள் அதற்கும் “சரி சார்” என்றாள்.

சுவாமிநாதன் செய்தி கேட்டு மெய்யாகவே வருந்தினார். இரண்டு நாள் பூங்காவுக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது அவருடைய கதைக்கு ஒரு புதிய பகுதி கிடைத்திருந்தது. “எங்காத்துல வேலை பார்த்தா ஒருத்தி. எனக்கு எல்லாம் பண்ணுவா; தனக்குப் பண்ணிக்க மாட்டா. எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! கேட்கலையே. ஒழுங்கு இல்லைன்னா இப்படித்தான் சார்.” கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர், மனைவியிடம் சொல்லிவிட்டு அன்றே வீட்டுச் செருப்பு வாங்கினார்.

சூடாமணி வேறோர் ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டாள், வேறு வழியில்லை. ஆனால் மறந்துவிடவில்லை. அன்புக்கரசி வேலை செய்யும் துணிக்கடைக்குப் புடவை எடுக்க வந்தபோது, அவளிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினாள். பொன்மணி பிரித்துப் பார்த்தாள். பெட்டியில் அடங்காமல் மிஞ்சிய ஜவ்வரிசி வடாம், சங்குபோல் வெளுப்பாக இருந்தது. நன்றாகவே காய்ந்திருந்தது.

அடுக்கு வீட்டில் வேறொரு தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தது. ஆத்தாளை இல்லையென்று சொன்ன காலை ஆத்தா எடுத்துக்கொண்டாள். பஞ்சாட்சரம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்பவர்களைத் தடுக்கவும் இல்லை. அபிராமபுரம் அவளை ஒழுங்கில்லாதவள் என்றது. ஆற்றங்கரை நன்றியில்லாதவள் என்றது. மொட்டை மாடியை எவரும் பேசவில்லை. அவளும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. செருப்பைக் குனிந்து கழற்றியது தன் கைதானே என்ற எண்ணம் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

அடுத்த ஆடியில் அன்புக்கரசி தாய்க்குத் தெரியாமல் காப்புக் கட்டிக்கொண்டாள். தெரிந்தபோது பொன்மணி ஊன்றுகோலைத் தரையில் அடித்துக் கத்தினாள்.

“உனக்கு இன்னாடி தலையெழுத்து? நெருப்புல எறங்கினா எங்காலு மொளைக்குமா?”

“மொளைக்காது. இருக்கற காலையாவது ஆத்தா வுட்டு வெக்கட்டும்மா. எல்லாரும் சொல்றாங்க.”

“சொல்றவளுங்கள எறங்கச் சொல்லு.”

“அவங்களுக்கு நீ அம்மாவா?” என்று கேட்டாள் அன்புக்கரசி.

தீமிதி அன்று பொன்மணி கோயிலுக்கு வந்தாள். இடக்காலில் மெத்துச் செருப்பு. வலக்காலில், பாதிப் பாதத்துக்கென்று பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்த செருப்பு. கயிற்றுக்கு அருகில் போனபோது பஞ்சாட்சரம், செருப்பைக் கழற்றுமாறு கையால் சைகை காட்டினார். பொன்மணி அவரைப் பார்த்தாள்.

“கழட்ட மாட்டேண்ணே. நீ என்னை வெளியே நிக்க வெச்சிக்கோ.”

அவள் வேப்பமரத்தடியில், கூட்டத்துக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். உடுக்கை ஒலி உயர்ந்தது, கரகம் இறங்கியது. கூட்டத்தின் தோள்களுக்கு இடையே மகளின் மஞ்சள் புடவை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அன்புக்கரசி நடக்கவில்லை, நிற்கவும் இல்லை. அலறிக்கொண்டு ஓடினாள்.

பால்குழியைத் தாண்டித் தத்தித் தத்தி வந்து தாயின் எதிரில் தரையில் விழுந்தாள். உள்ளங்கால் சிவந்து, ஓரிடத்தில் கொப்புளம் கண்டிருந்தது. யாரோ மஞ்சளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். பொன்மணி கையை நீட்டித் தடுத்துவிட்டாள். பக்கத்திலிருந்த குடத்துத் தண்ணீரில் பழக்கத்தால் முழங்கையை நனைத்துப் பார்த்தாள். பிறகு மகளின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, மெல்ல ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். முந்தானையால் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றினாள். கொப்புளத்தின்மேல் துணி படவிடவில்லை.

“சுடுதா?” என்று கேட்டாள்.

“சுடுதும்மா… எரியுது… உயிர் போவுது!” என்று அன்புக்கரசி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த அழுகையைப் பொன்மணி, பசித்தவள் பிறர் உண்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எரியட்டும்” என்றாள். “எரியற வரைக்கும்தான் அது உங்காலு.”